நாலுக்கு ஒன்று

தராசில் காகிதக் கிண்ணம்.
பூஜ்யம் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.
குத்தாயிசியில் இன்னும் விடியவில்லை.
ஆற்றுப் பக்கமிருந்து
முதல் பேருந்தின் இருமல்.

கொழுப்பு நாலு பங்கு,
மற்றதெல்லாம் சேர்ந்து ஒன்று.
பாலேடு முப்பத்தாறு கிராம்.
மஞ்சள் கரு பதினெட்டு. வெண்ணெய் பதினொன்று.
வெள்ளரிக்காய் ஒன்பது.
பத்தாகிவிட்டால்
நகத்தளவு சீவி என் வாயில் போட்டுக்கொள்வேன்.
ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவள் நான்,
பன்னிரண்டு வருடத்தில் சில்லறை தப்பியதில்லை.
இந்தத் தராசு மட்டும் என்னை நம்புவதில்லை,
மூச்சு விட்டாலும் ஒரு கிராம் ஏறுகிறது.

பிக்ரியாவுக்கு ஆறு வயது.
போன குளிர்காலத்தில் நாளுக்கு நாற்பது தடவை
அவள் தலை தொங்கி நிமிர்ந்தது,
யாரோ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு
ஆமாம், ஆமாம் என்பதுபோல.
வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.
அவளே வைத்தாள்.
அம்மா, இன்றைக்கு எத்தனை ஆமாம்?

மூன்று மருந்துகள் தோற்றன.
திபிலீசி மருத்துவர்
நான்காவதை எழுதப் பேனாவை எடுத்து, வைத்துவிட்டு,
சமையலறையில் தராசு இருக்கிறதா என்றார்.

அன்றிலிருந்து
இருமல் மருந்தின் சர்க்கரை எனக்குத் தெரியும்.
பற்பசையின் தித்திப்பு தெரியும்.
கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய பாலேட்டையும்
வழித்து ஊட்ட வேண்டும், அதுவும் கணக்கு.
அவள் வாயை மூடிக்கொண்டு
ஜன்னலைப் பார்ப்பாள்.
நானும் ஜன்னலைப் பார்ப்பேன்.
யார் முதலில் திரும்புவது என்று ஒரு போட்டி.

காலையில் சிறுநீரில் தோய்த்த பட்டை
கத்தரிப்பூ நிறம் காட்டினால் நல்ல நாள்.
நோட்டில் கோடுகள் போடுகிறேன்.
செவ்வாய் நான்கு.
புதன் இரண்டு.
வியாழன், பேனாவைத் திறந்து மூடினேன்.

மல்ஹாஸ் இப்போது மாடிப்படியில் நின்று ரொட்டி தின்கிறார்,
திருட்டு சிகரெட் பிடிக்கும் பையனைப்போல.
சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்.
வாசனையை எப்படி உதறுவது?

எங்கள் ஊரில்
வந்தவர் தட்டு காலியாக இருந்தால் வீட்டுக்கே இழுக்கு.
வேண்டாம் என்றால், கொஞ்சமாவது என்பார்கள்.
ஒரு வாயில் என்ன ஆகிவிடும் என்பார்கள்.
பாவம், குழந்தை, என்பார்கள்
என்னைப் பார்த்து.

புத்தாண்டுக்கு மறுநாள்
சமையலறையில் பீப் சத்தம்.
பிக்ரியா முக்காலி போட்டு ஏறி நிற்கிறாள்.
தட்டில் ஒரு துண்டு சுர்ச்ஹேலா,
அக்ரூட்டை நூலில் கோத்து
திராட்சைக் கூழில் தோய்த்துத் தோய்த்துக் காயவைத்தது.
லமாரா மாமி கையில் திணித்தாளாம்,
அம்மாவிடம் சொல்லாதே என்றாளாம்.
கடிக்கவில்லை.
இரண்டு நாள் கையுறைக்குள் வைத்திருந்ததில்
கம்பளி மயிர் ஒட்டியிருந்தது.

நாற்பத்தொன்று, என்று எண்ணைப் படித்தாள்.
பிறகு கேட்டாள்:
இது எத்தனை ஆமாம், அம்மா?

பதில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
ஏதோ சொன்னேன்.
முக்காலியிலிருந்து இறக்கிவிட்டேன்.

இரவு குளியலறையில் விளக்குப் போடாமல்
அதை முழுதாக நான் தின்றேன்.
கம்பளி மயிரோடு.
அத்தனை இனிப்பு, பல் கூசியது.
மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுத்தான்
அவள் நெற்றியில் முத்தமிட்டேன்.
தூக்கத்தில் மூக்கைச் சுளித்தாள்.

மறுநாள் பயணச்சீட்டு வாங்க வந்த கிழவருக்கு
மீதிச் சில்லறையோடு
என் பையில் கிடந்த நூலும் போய்விட்டது.
கண்ணாடிக்குக் கீழே அதைத் தள்ளி,
இது உங்களுடையது, என்றார்.